தண்ணீர் வந்து சேரும் நாள்: செகிஞ்சான் முதல் பாலிங் வரை

10 ஜூன் 2025, செவ்வாய்: செகிஞ்சான், சிலாங்கூர்

விடியுமுன் சிங்கப்பூரின் துவாஸ் சோதனைச்சாவடியைக் கடந்தும் செகிஞ்சானை அடைய நண்பகல் தாண்டிவிட்டது. காரைவிட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. சாலையின் இருபுறமும் அறுவடைக்கு முற்றிய வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பழுத்துக் கிடந்தன. காரை ஓட்டி வந்தவன் தம்பி; பின்னிருக்கையில் எங்கள் மாமா. சிராங்கூன் சாலைப் பகுதி மளிகைக் கடை ஒன்றில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரிசிக் கணக்குப் பார்த்தவர் அவர். மூட்டைக்குள் கைவிட்டு அளைந்தே எந்த அரிசி, எத்தனை மாதம் பழையது என்று சொல்லிவிடுவார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் என்பதால், வயலைக் கண்டதும் அவர் கண் கதிரைத் தேடுவதற்கு முன் மடையைத் தேடியது.

இந்தப் பயணத்துக்கான எண்ணம் 2023இல் தோன்றியது. அந்த ஆண்டு ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோது, சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் அரிசி மூட்டைகளைப் பற்றியே பேச்சாக இருந்தது. அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு மட்டும் 50,000 டன் அனுப்ப இந்தியா தனி அனுமதி அளித்ததாலும், 1990 முதல் இறக்குமதியாளர்கள் இரு மாத இறக்குமதிக்கு ஈடான அரிசியை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இங்கே நடப்பில் இருப்பதாலும் நமக்குச் சோறு குறையவில்லை. ஆனால் ஒரு மணி நெல்லும் விளைவிக்காமல் மூன்று வேளையும் அரிசி உண்ணும் நாம், அதை விளைவிப்பவர் கையில் என்ன மிஞ்சுகிறது, ஏன் ஓர் ஊரில் கூடவும் அடுத்த ஊரில் குறையவும் மிஞ்சுகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

செகிஞ்சான் வயல்களின் ஒழுங்கு உடனே கண்ணில் படுகிறது. தஞ்சோங் காராங் பாசனப் பகுதியைச் சேர்ந்த இந்தக் கடலோரச் சமவெளி, 1930களில் சதுப்பு நிலத்தைத் திருத்தி உருவாக்கப்பட்டது. பெர்னாம் ஆற்றின் தண்ணீரைத் தெங்கி ஆற்றின் வழியாகத் திருப்பி, கடற்கரைக்கு இணையாக ஓடும் முதன்மைக் கால்வாயில் விடுகிறார்கள். நிலம் மூன்று ஏக்கர், அதாவது ஏறத்தாழ 1.2 ஹெக்டேர் கொண்ட நீண்ட செவ்வகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செவ்வகத்துக்கும் ஒரு முனையில் வாய்க்கால், மறு முனையில் வடிகால். தண்ணீர் பாய்ச்சுவதற்கோ வடிப்பதற்கோ அடுத்தவர் வயலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்களை, அறுவடை இயந்திரத்துக்காகக் காத்திருந்த முதியவர் ஒருவர் கையசைத்து அழைத்தார். சீனர், மூன்றாம் தலைமுறை விவசாயி. மாமாவின் மலாயும் அவருடைய மலாயும் ஒத்துப்போயின. குளிர்ந்த கரும்புச்சாற்றுப் பொட்டலங்களை எங்கள் கையில் திணித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். நிலத்தை லேசர் கருவி கொண்டு மட்டம் செய்திருக்கிறார்கள். மேடு பள்ளம் இல்லாததால் இரண்டு விரற்கடைத் தண்ணீர் வயல் முழுவதும் ஒரே அளவில் நிற்கிறது. விதையை நேரடியாகத் தெளிக்காமல் தட்டுகளில் நாற்று வளர்த்து இயந்திரத்தால் நடுகிறார். நாற்று முந்திக்கொண்டு வளர்ந்து தண்ணீரும் நின்றுவிட்டால் களைக்கு இடமில்லை. முற்றுமுன்னே மணி உதிர்த்துவிடும் களைநெல் மலேசியாவில் 1988இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்தப் பகுதியில்தான் என்பதால், அதைப் பற்றி அவர் கவனத்தோடு பேசினார்.

வரப்போரத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி இருந்தது. எலிகளைப் பிடிப்பதற்காகக் கூகை ஆந்தை வளர்க்கிறார்கள். பெட்டிக்கு நேர் கீழே, கூகை உமிழ்ந்த சாம்பல்நிற உருண்டைகள் கிடந்தன. மாமா ஒன்றைக் குச்சியால் பிரித்தார்; மயிர்க்கற்றைக்குள் ஓர் எலியின் மண்டையோடும், மஞ்சளேறிய முன்பற்கள் பதிந்த தாடையும் உடையாமல் இருந்தன.

நல்ல போகத்தில் ஹெக்டேருக்குப் பத்து டன் வரை எடுப்பதாக அவர் சொன்னார். மலேசியாவின் சராசரி நான்கு டன்னை ஒட்டியே இருக்கிறது. அவருடைய கெட்டிக்காரத்தனம் அதற்குக் காரணமா என்று தம்பி கேட்டதற்கு, அவர் கிழக்குப் பக்கம் கைநீட்டினார். அங்கே இலைதழை மட்கிய மண்ணுள்ள கரிச்சதுப்புக் காட்டை ஒட்டிய துண்டுகளில் இதே விதையையும் இதே உரத்தையும் போட்டாலும் இந்த எடை வராதாம்; கடல் களிமண் இருக்கும் இடம்வரைதான் இந்த விளைச்சல். இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். தம் குடும்பம் பல துண்டுகளைச் சேர்த்துச் செய்வதாலும், சொந்த இயந்திரத்தை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவதாலுமே மகன் ஊரைவிட்டுப் போகவில்லை என்றார். ஒரே ஒரு துண்டை வைத்திருப்பவர், பத்து டன் எடுத்தாலும் வேறு வேலையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

இரவு மீனவர் துறைக்கு அருகில் ஆவியில் வேகவைத்த மீனும், இந்த வயல்களில் விளைந்த அரிசிச் சோறும் சாப்பிட்டோம். மூவருக்கும் சேர்த்து 96 ரிங்கிட். சோறு சற்றுக் குழைவாக இருந்தது. மாமா இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

11 ஜூன், புதன்: பாகான் செராய், பேராக்

வழியெல்லாம் மழை. பாகான் செராயில் நின்றது மதிய உணவுக்காக. வாழையிலைச் சாப்பாடு 11 ரிங்கிட்; புடலங்காய்க் கூட்டும் ரசமும் நன்றாக இருந்தன. நாங்கள் சிங்கப்பூரிலிருந்து வயல் பார்க்க வந்திருக்கிறோம் என்று அறிந்ததும், கடைக்கார அக்கா அப்பளத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டம் இந்தக் கிரியான் மாவட்டத்தில்தான் எழுந்தது. புக்கிட் மேரா நீர்த்தேக்கம் 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று அந்த ஏரிக்கரையில் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. ஏரி ஒன்றுதான்; ஆனால் வீட்டுக் குழாய்களுக்கும் வயல்களுக்கும் அதுவே தண்ணீர் தரவேண்டும். மழை தவறிய ஆண்டில் யாருக்கு முதலில் என்ற கேள்வி எழும்போது வயல் காத்திருக்க நேர்கிறது என்று கடையில் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் சொன்னார். மழை விடாததால் வயலுக்குள் இறங்காமலேயே வடக்கு நோக்கிப் புறப்பட்டோம்.

12 ஜூன், வியாழன்: அலோர் ஸ்டார், கெடா

காலையில் ஆப்பமும் தேங்காய்ப்பாலுமாகப் பசியாறிக்கொண்டிருந்தபோது மாமாவின் கைப்பேசியில் செய்தி வந்தது: மேட்டூர் அணை இன்று டெல்டா பாசனத்துக்காகத் திறக்கப்பட்டுவிட்டது. வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே திறப்பது எல்லா ஆண்டுகளிலும் வாய்ப்பதில்லை. அதனால் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது; நாள் முழுவதும் அதே நினைவோடுதான் மூடா சமவெளியைப் பார்த்தார்.

மூடா பெரியது. கெடாவிலும் பெர்லிஸிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் நெல்வயல். நாட்டின் நெல்லில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இங்கிருந்து வருகிறது. மூடா, பெடு அணைகள் கட்டப்பட்டு 1970இல் இருபோகம் தொடங்கியது. அதே ஆண்டில் அமைக்கப்பட்ட மூடா வேளாண் மேம்பாட்டு ஆணையம், எந்தப் பகுதிக்கு எந்த நாளில் தண்ணீர் என்று அட்டவணை வெளியிடுகிறது. அணைகள் இருந்தாலும் பயிர் குடிக்கும் தண்ணீரில் ஏறத்தாழப் பாதி நேரடியாகப் பெய்யும் மழைதான். 1978இல் வறட்சி வந்தபோது கோடைப் போகமே கைவிடப்பட்டது.

செகிஞ்சான் வயல்கள் பொன்னிறமாக இருந்தன. இங்கே பயிர் முழங்காலளவு பச்சை. நிறத்தைவிடப் பெரிய வேறுபாடு தண்ணீர் போகும் வழியில் இருக்கிறது. சமவெளி மிகவும் தட்டையானது. தொடக்கத்தில் வெட்டிய கால்வாய்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்ததால், கால்வாயோரத்து வயலில் பாய்ந்த தண்ணீர் வரப்பு தாண்டி அடுத்த வயலுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த வயலுக்கும் வழிந்தோட வேண்டியிருந்தது. கிளை வாய்க்கால்களைப் பின்னர் பல இடங்களில் வெட்டினார்கள். எல்லா இடங்களையும் அவை எட்டவில்லை. நாங்கள் பேசிய மலாய்ப் பெரியவரின் வயல் வாய்க்காலிலிருந்து ஏழாவது. முதல் வயலில் விதைத்து இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் தமக்கு விதைக்க முடிகிறது என்று அவர் சொன்னார். அட்டவணை எல்லோருக்கும் ஒன்று. தண்ணீர் வந்து சேரும் நாள் ஒவ்வொருவருக்கும் வேறு. முந்தி விதைத்தவர்கள் அறுவடைக்காக வயலை வடிக்கும்போது இவருடைய பயிருக்கு இன்னும் தண்ணீர் தேவைப்படுகிறது; பிந்தி முற்றும் பயிரை எலியும் பூச்சியும் ஒட்டுமொத்தமாகத் தேடி வருகின்றன. மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எங்கள் ஊரும் கடைமடைதான்” என்று மலாயில் சொல்ல முயன்று, கடைசியில் கையால் வாய்க்காலை வரைந்து அதன் நுனியைத் தொட்டுக் காட்டினார். பெரியவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் வயலுக்குள் எங்களைக் கூட்டிப்போய், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தண்டில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளைக் காட்டினார். தொட்டால் உதிரும் சிறு பாசிமணிகள் போல இருந்தன. தங்க ஆப்பிள் நத்தையின் முட்டைகள். மேடு பள்ளமான வயலில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் இந்த நத்தை இளம் முளைகளை அறுத்துத் தின்றுவிடுகிறது. மேட்டிலோ தண்ணீர் ஏறாமல் களை முளைக்கிறது. ஆள் கிடைக்காததால் 1980களில் நடவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறியவர்கள் இங்குள்ள விவசாயிகள். நேரடியாக விதைத்த வயலில் நத்தைக்கும் களைநெல்லுக்கும் வசதி கூடுதல். நேற்று முன்தினம் கேட்ட லேசர் மட்டத்தின் மதிப்பு எனக்கு இங்கேதான் முழுமையாக விளங்கியது. ஆனால் குத்தகை நிலத்தை மட்டம் செய்ய யார் பணம் போடுவார்கள்? அடுத்த ஆண்டு அந்த நிலம் தம்மிடம் இருக்குமா என்றே தெரியாது என்று பெரியவர் சொன்னார். பயிரிடும் நிலத்தில் பெரும்பகுதி அவருக்குக் குத்தகைதான்.

திரும்பும் வழியில், எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிட ஒதுங்கியபோது மண் சாலையின் ஓரம் சரிந்து, காரின் இடது சக்கரங்கள் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. ஆண்டுக்கு இருமுறை தண்ணீர் கட்டுவதால் இப்பகுதி மண் காய்ந்து இறுக நேரமே கிடைப்பதில்லை. வயலின் அடிமண் இளகி அறுவடை இயந்திரங்களும் இப்படித்தான் புதைகின்றன. டிராக்டர் இளைஞர் சங்கிலி கட்டி எங்களை இழுத்துவிட்டார். பணத்தை நீட்டியபோது கையை நெஞ்சில் வைத்து மறுத்து, ‘அடுத்த முறை வந்தால் வீட்டில் சாப்பிட வேண்டும்’ என்று மட்டும் சொல்லிப் போனார்.

13 ஜூன், வெள்ளி: அலோர் ஸ்டார்

கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நெல் ஆலையைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னவர் அதை நினைவில் கொள்ளாமல் நாள் குறித்துவிட்டதால், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். வெயில் ஏறுமுன் நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்றோம். கோழியும் வெண்டைக்காயுமாக ஒரு தட்டு 13 ரிங்கிட். பிற்பகலில் நேற்றைய பெரியவர் தம் வீட்டுக்கே அழைத்து, அரிசிமாவில் பிழிந்த லக்சாவை அவர் மனைவி கையால் பரிமாறச் செய்தார். அதன்பின் கடந்த அறுவடையின் ஆலை ரசீதை எடுத்து வந்தார்.

நெல்லின் அடிப்படை விலை டன்னுக்கு 1,300 ரிங்கிட்டாக இருந்ததை அரசாங்கம் இந்த ஆண்டு பிப்ரவரியில் 1,500 ரிங்கிட்டாக உயர்த்தியது. அதற்குமேல் டன்னுக்கு 500 ரிங்கிட் விலை ஊக்கத்தொகை உண்டு. தாளில் பார்த்தால் 2,000 ரிங்கிட். ஆனால் ரசீதில் லாரி எடைக்கும் நிகர எடைக்கும் நடுவே ஒரு வரி இருந்தது: ஈரப்பதம், பதர், முற்றாத மணி, குப்பை ஆகியவற்றுக்கான கழிவு, நூற்றுக்கு இருபதை ஒட்டி. விலையும் ஊக்கத்தொகையும் நிகர எடைக்கே என்று அவர் சொன்னார். மழையில் அறுத்தால் இந்தக் கழிவு ஏறும். அவரோ பிந்தி அறுப்பவர், இயந்திரம் எந்த நாளில் கிடைக்கிறதோ அந்த நாளில் அறுத்தாக வேண்டியவர்.

மாமா தாளையும் பேனாவையும் கேட்டு வாங்கினார். 1.2 ஹெக்டேர், கெடா வழக்கில் நான்கு ரெலுங்குக்குச் சற்று மேல், என்று இரு ஊருக்கும் ஒரே அளவை எடுத்துக்கொண்டார். இங்கே ஹெக்டேருக்கு ஐந்து டன் என்றால் ஆறு டன். ஐந்தில் ஒரு பங்கு கழிவு போக 4.8 டன், கைக்கு 9,600 ரிங்கிட். செகிஞ்சானில் ஒன்பது டன் என்று குறைத்தே வைத்தாலும் 10.8 டன், அதே கழிவு போக 8.64 டன், 17,280 ரிங்கிட். உழவு, விதை, மருந்தடிப்பு, அறுவடை ஆகிய செலவுகள் பெரும்பாலும் பரப்பளவைப் பொறுத்தவை. விளைச்சல் பாதியானால் அவை பாதியாவதில்லை. வரவு மட்டும் எடையைப் பொறுத்தது. எனவே இரு ஊருக்கும் இடையிலான 7,680 ரிங்கிட் வேறுபாட்டில் பெரும்பகுதி அப்படியே மிச்சத்தில் விழுகிறது. அதற்குமேல் குத்தகை. அதை விதைக்குமுன்பே ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறார் பெரியவர். வெள்ளமோ நத்தையோ வந்தால் நிலக்காரருக்கு ஒன்றும் குறைவதில்லை.

அடிப்படை விலை உயர்ந்ததில் பயன் இல்லையா என்று பெரியவரிடம் கேட்டேன். உண்டு, ஆனால் அதிக எடை விற்பவருக்கு அதிகம் என்றார். டன் கணக்கில் தரும் எந்த உதவியும் அப்படித்தான்: நல்ல மண்ணும் சொந்த மடையும் உள்ளவருக்கு முதலில் சேர்கிறது, ஏழாவது வயல்காரருக்கு மிச்சம். விலை உயர்வு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. விவசாயிகள் கேட்டது 1,800 ரிங்கிட், அதற்கான நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பெரியவருக்குக் கிளை வாய்க்கால் ஒன்றை வெட்டித் தந்தால், அது அடுத்தடுத்த போகங்களிலும் அவருக்குக் கைகொடுக்கும் என்று அந்தத் தாளைப் பார்த்தபோது உறுதியாகத் தோன்றியது.

14 ஜூன், சனி: பாலிங்

சமவெளியை விட்டுத் தென்கிழக்கே மலையடிவாரம் ஏறினோம். சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே சிறு பள்ளத்தாக்குகள். மூடா கால்வாய்கள் இங்கே எட்டுவதில்லை. ஓடையோரத்து வயலில் போன போகத்தின் தாள் காய்ந்து கிடக்க, எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம். வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் நெல்.

விளைச்சல் கணக்கில் இந்த இடம் கடைசியில் நிற்கும். ஆனால் எங்களுக்கு டுரியான் விற்றவர் (கிலோ ஆறு ரிங்கிட், பிளந்து காட்டி, சொத்தையாக இருந்த ஒன்றை அவராகவே மாற்றித் தந்தார்) நெல்லைப் பற்றிக் கவலையே இல்லாமல் பேசினார். காலையில் ரப்பர் வெட்டுகிறார், பருவத்தில் டுரியான், மூத்த மகள் பினாங்குத் தொழிற்சாலையில் வேலை. நெல் பொய்த்தால் அரிசி வாங்கிக்கொள்வார். அதற்காகக் கடன் வாங்க மாட்டார். நேற்றைய பெரியவரோ இவரைப்போலப் பல மடங்கு நெல் விளைவித்தும் ஒரு போகம் பொய்த்தால் கடனில் விழுகிறார். விளைச்சலையும் வாழ்க்கைப் பாதுகாப்பையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதை இந்த இருவரையும் அடுத்தடுத்த நாளில் பார்த்ததால்தான் உணர்ந்தேன். இங்குள்ள வயல்களை இனி யார் உழுவார்கள் என்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லாமல் அடுத்த பழத்தைப் பிளந்தார்.

15 ஜூன், ஞாயிறு: செபராங் பிறை வழியாகச் சிங்கப்பூர்

செபராங் பிறையின் வயல்களைக் கடக்கும்போது, தம்பி காரின் வேகத்தைக் குறைத்தான். மாமா கடையில் ஆயுள் முழுவதும் விற்ற பொன்னியின் கதை இந்த நாட்டோடு தொடர்புடையது. கட்டாக்கில் 1950களில் நடந்த ஒட்டு ஆராய்ச்சியில் தைச்சுங் 65 என்ற ரகத்தையும் மாயாங் எபோஸ் 80 என்ற மலாயா ரகத்தையும் கலந்து பெற்ற விதைகள் மலாயாவுக்கு வந்து, இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965இல் மசூரி என்ற பெயரில் வெளியாயின. அதே வழிவந்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. இதைக் கேட்டதும் மாமா கண்ணாடியை இறக்கி, வயல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜொகூரில் நெரிசல்; பள்ளி விடுமுறைக் கூட்டம். கார் நகராமல் நின்றபோது மாமா ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கல்லணையும் இன்று திறந்தாகிவிட்டது. ஊரில் இருக்கும் அண்ணன் மகனிடம், ‘நம் வாய்க்காலுக்கு எப்போது வரும்?’ என்பதே அவருடைய முதல் கேள்வி. முறை வைத்து விடுவார்கள், கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாளாகும் என்றான் அவன். மேட்டுப் பக்கம் மோட்டார் வைத்திருப்பவர்கள் குறுவை நாற்றை ஏற்கெனவே நட்டுவிட்டார்கள். நம் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வருகிறது, அதனால் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்கு நேரடியாக விதைத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். நேரடியாக விதைப்பதானால் முதலில் வயலை மட்டம் பார் என்று மாமா சொன்னார். பிறகு, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டு, மூடா பெரியவரின் கணக்கு எழுதிய தாளைப் பையிலிருந்து எடுத்தார்.